நான்கு ஞாயிறும் ஒரு ஸ்கோப்பும்

மலைக்கு வந்த யாரோ ஒருவர், தம் பைனாகுலரின் கழன்ற திருகை முடுக்கி வைக்கச் சொல்லி பாவாவின் கடையில் கொடுத்துவிட்டுப் படியேறப் போயிருந்தார். பாவா என் அக்காவின் கணவர். திருத்தணி பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். திருகை முடுக்கி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாசலில் வந்து நின்று மலையைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். "கோபுரம் தெரியுது. மேல கொடி தெரியுது. செவுத்து மேல ஒரு கொரங்கு ஒக்காந்துகினு பொரி துன்னுது, அதுவும் தெரியுது" என்றார். பல மாதங்களாக அவர் குரலில் இல்லாமல் போயிருந்த ஏதோ ஒன்று அதில் இருந்தது. அந்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. "பாவா, உங்க ரைஃபிள் மேல ஒரு ஸ்கோப் வெச்சா இன்னா?" என்றேன். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "கொரங்க சுடறதுக்கா?" என்றார்.

எங்கள் ஊரில் துப்பாக்கி சுடும் சங்கம் இருக்கிறது என்றால் சென்னையில் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். கே.ஜி.கண்டிகை போகும் சாலையில், ஓடாத ஒரு அரிசி ஆலையின் நீளக் கொட்டகைதான் சங்கம். பின்பக்கம் மண்ணைக் குவித்து இருபத்தைந்து மீட்டரில் ஒரு மேடு. எல்லாம் ஸ்பிரிங்கில் இயங்கும் காற்று ரைஃபிள்கள். அட்டையில் ஓட்டை போடுவதைத் தவிர வேறெதற்கும் ஆகாதவை. என்னை அங்கே முதலில் அழைத்துப் போனவர் பாவா. அவர் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. "எதிர்ல அட்ட கீது, பின்னால செவுரு கீது, நடுவுல யாரும் இல்ல, சுடு" என்றார், அவ்வளவுதான். ஆனால் அவர் சுட்டு நான் பார்த்திருக்கிறேன். ஐந்து குண்டும் ஒரே ஓட்டை வழியாகப் போனது போல இருக்கும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அது போயிற்று. கை நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. கண். தூரத்து அட்டை தெளிவாகத் தெரிந்தது. குழல் நுனியில் இருக்கும் குறிமுள் மங்கிவிட்டது. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் குறிமுள் தெரிந்தது. அட்டை கறுப்பு மேகமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டவர், தனக்குத் தானே ஐந்து விதமாக லென்ஸ் தேய்த்து மாட்டிப் பார்த்தார். "இது தெரிஞ்சா அது தெரில, அது தெரிஞ்சா இது தெரில. சம்சாரம் மாதிரி கீது" என்பார். உள்ளேயிருந்து அக்கா, "ஆங், யாரு சம்சாரம்னு சொல்லிட்டுப் பேசு" என்பாள். சிரித்தாலும் சுடப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார்.

ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கிதான் ஸ்கோப்; அதில் இந்தத் தொல்லை இல்லை. குறியும் அட்டையும் ஒரே தளத்தில் தெரியும். ஆனால் எங்கள் சங்கப் போட்டியில் ஸ்கோப் கூடாது. சங்கச் செயலாளர் டூ வீலர் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் பாய். நான் போய்க் கேட்டதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். பாவாவைப் போல இன்னும் ஆறேழு பேர் கண்ணால் கஷ்டப்படுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். "பொங்கல் போட்டில நாப்பத்தஞ்சு தாண்டுனவங்களுக்குத் தனியா ஸ்கோப் வெக்கலாம்மா. ஆனா பெரிய வெல ஸ்கோப்ப எவன் வாங்குவான்? எல்லாரும் வாங்கற மாதிரி ஒண்ணு காட்டு. நீதான் கம்பெனில குவாலிட்டி பாக்குறியே, நீயே பாத்து எழுதிக் குடு. நீ சரின்னா கமிட்டியும் சரி" என்றார். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அளந்து பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. ஆகவே அந்த ஒரு பக்கத் தாளில் பாவா திரும்பவும் சுடுவாரா மாட்டாரா என்பது இருந்தது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு சுமாரான மூக்குக்கண்ணாடியின் விலைக்கு ஒரு ஸ்கோப் தேடிப் பிடித்தேன். பார்சலைக் கடையிலேயே பிரித்தோம். பாவா லென்ஸை வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி நல்ல கண்ணாடி பாப்பா" என்றார். மாட்டும் வேலையைத் தன்னிடம் விடச் சொன்னார். அவரிடம் இருப்பது போன்ற சின்னத் திருப்புளிகள் என்னிடம் கிடையாது. இரண்டு நாள் கழித்து ரைஃபிளின் மேல் ஸ்கோப் இரண்டு வளையங்களில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கைரேகை ஒன்றுகூட இல்லாமல் லென்ஸ் மின்னியது.

முதல் ஞாயிறு நான் ஏறக்குறைய பறந்தேன். முதலில் குறியையும் குண்டையும் ஒன்றாக்கினேன். பிறகு ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகை இருபது கிளிக் மேலே, இருபது வலது, இருபது கீழே, இருபது இடது என்று திருப்பி ஒவ்வொரு இடத்திலும் சுட்டேன். அட்டையில் ஒரு சதுரம் விழுந்தது. கடைசிக் குண்டு முதல் ஓட்டைக்கே திரும்பி வந்தது. இந்த விலை ஸ்கோப்பில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாவா பக்கத்து பெஞ்சில் நெற்றி நிறையப் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு புது பெல்லட் குண்டு டப்பா. ஒட்டியிருந்த தாளைக்கூடக் கிழிக்கவில்லை. "போட்டிக்கு" என்று தட்டிக் காட்டினார்.

இரண்டாவது ஞாயிறு முதல் குண்டே இரண்டு விரல் கீழே, இடப்பக்கம் விழுந்தது. திருகித் திருத்தினேன். பத்துக் குண்டு சரியாகப் போயிற்று, பிறகு மெல்ல மெல்ல நழுவியது. மூன்றாவது ஞாயிறும் அப்படியே. ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் வெட்டி இழுக்கும். அந்த இரட்டை அதிர்வில் மலிவு ஸ்கோப்புகள் உள்ளே உடைந்து போவது உண்டு என்று படித்திருந்தேன். அதுதான் என்று முடிவு கட்டினேன். நான் சீக்கிரம் முடிவு கட்டுகிறவள். பாவாவோ ஒவ்வொரு குண்டுக்கும், "ஆங், நல்லாத்தான போது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "எங்க பாவா நல்லா போது? அட்டைய உட்டே போய்கினு கீது" என்று கத்தினேன். "கண்ணாடி நல்ல கண்ணாடி பாப்பா" என்றார் திரும்பவும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் பற்றி யார் கேட்டார்கள்? குறி நிற்கிறதா என்பதல்லவா கேள்வி? நான்காவது ஞாயிறு, தெளிவாகப் பார்க்க நான் தலையை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. என் உட்காரும் முறைதான் கெட்டுவிட்டது என்று நினைத்து முதுகை நிமிர்த்திக்கொண்டேன். இதைவிட ஒரு ஸ்கோப் எப்படித்தான் வாய் திறந்து சொல்லும்?

அன்று மாலையே எழுதினேன். லென்ஸ்: நன்று. திருகு: நன்று. மாட்டிய விதம்: சரிபார்க்கப்பட்டது. குறி: நிற்கவில்லை. வாங்கப் பரிந்துரைக்க இயலாது. கீழே கையெழுத்து. பாய் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். பொங்கல் போட்டி எப்போதும் போல நடந்தது, ஸ்கோப் பிரிவு இல்லாமல். பாவா வரவில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்த கடையைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். ரைஃபிளை என்னிடம் கொடுத்துவிட்டார், பெல்லட் டப்பாவையும் மேலே வைத்து. "நீ சுடு. நான் துருப்பிடிக்க உட்டுருவேன்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன். அவர் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இது நடந்து எட்டு மாதம் இருக்கும். போன வாரம், வளையங்கள் மட்டும் வேறு ரைஃபிளுக்கு உதவுமே என்று ஸ்கோப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். மேல் திருகுகளை எடுத்து, இரண்டு விரல் அகல வளையத்தின் மேல் பாதியைத் தூக்கினேன். கறுப்புக் குழாயின் மேல் வெள்ளையாக மூன்று கோடு. நெற்றியில் போடுவது போலவே ஒழுங்காக, சுற்றிலும் இழுத்து விட்ட மூன்று பட்டை. அடுத்த வளையத்தைத் திறந்தேன். அங்கேயும் மூன்று. வளையத்தின் உட்புறம் முழுக்க மாவு போல அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். மலை விபூதி. அந்தப் பன்னீர் வாசனை இன்னும் போகவில்லை. பட்டைகளுக்கு முன்னால் குழாய் தேய்ந்து பளபளவென்று ஒரு தடம், ஒரு விரற்கடை நீளம். பவுடர் போட்ட கையில் வளையல் நழுவுவது போல ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்கோப் பின்னால் நழுவி வந்திருக்கிறது. ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை.

ஸ்கோப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். வழியில் பேசுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அவரைக் கண்டதும், "இன்னா பாவா இது?" என்பது மட்டும்தான் வந்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "கிருத்திக அன்னிக்கு மலைக்கு எடுத்துகினு போயி சாமி கால்ல வெச்சி எடுத்தாந்தேன். ஐயரு விபூதி குடுத்தாரு. பட்ட போட்டு மாட்னேன். புதுப் பொருளுக்குப் பட்ட போடாம மாட்டுவாங்களா?"

"மாட்டும்போது தொடைக்கலாம் இல்ல?"

"வெளியில தொடைச்சேனே, நீ திட்டுவேன்னு. வளையத்துக்குள்ள இருக்கறது யாரு கண்ணுக்குத் தெரியப் போது? சாமி விபூதிய சுத்தமா தொடைச்சி எடுக்க முடியுமா பாப்பா?"

நாள் முழுக்க ஊர்க் கண்ணாடியில் ஒரு தூசி தங்க விடாதவர் பேசுகிற பேச்சு இது. "நாலு வாரம் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருந்தீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்றேன். "நீ கேக்கலையே. ஸ்கோப்பு எப்படின்னு கேட்ட. நல்ல கண்ணாடின்னு சொன்னேன்." உள்ளேயிருந்து அக்கா, "அந்த ஆள்ட்ட பேசி ஜெயிக்க முடியாது, வந்து காபி குடி" என்றாள். பதினெட்டு வருடமாக அவள் அதைத்தான் சொல்கிறாள்.

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். கோபம் அவர் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பி, பாயிடம் கொடுத்த தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'மாட்டிய விதம்: சரிபார்க்கப்பட்டது.' எதைச் சரிபார்த்தேன்? வளையத்தை ரைஃபிளோடு பிடிக்கும் கீழ்த் திருகுகளை ஒருமுறை முடுக்கிப் பார்த்தேன். மேல் பாதியைத் திறக்கவே இல்லை. பாவா மாட்டியது, அவர் கை சுத்தம், எதற்கு என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் இப்படித் திறந்து பார்க்காமல் டிக் போட்ட ஒருவரை நான் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டிருக்கிறேன். அவர் விபூதி போட்டதற்கு என்னிடம் ஒரு நாள் கோபம் இருக்கிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் எழுதியதற்கு அவர் எட்டு மாத ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறார். கேட்டதில்லை, குத்திக் காட்டியதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் பாயிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வளையத்தைக் கையில் வாங்கி விரலால் வழித்துப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "மாட்டுனது யாருன்னு அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். நீ சரிபார்த்தேன்னு எழுதிட்ட. எழுதுனதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?" என்றார். பிறகு, "பழைய பேப்பர கிழிக்க மாட்டேன், அதுபாட்டுக்கு இருக்கட்டும். மாட்டுனது தப்புன்னு புதுசா எழுதிக் குடு. ஆனா இந்த வாட்டி சுடறது நீ இல்ல, அவரு. கமிட்டி நின்னு பாக்கும். அம்பது குண்டுக்கு குறி நின்னா வர்ற பொங்கலுக்கு ஸ்கோப் உண்டு" என்றார்.

பாவாவைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆயிற்று. கடையில் கூட்டம் என்றார், தோள் வலி என்றார், "உடு பாப்பா, கொரங்கு பாத்துகினு காலத்த தள்ளிடறேன்" என்றார். நான் ஸ்கோப்பை அவர் கையில் கொடுத்தேன். வாசலுக்குப் போய் அதன் வழியாக மலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போது கோபுரத்தின் மேல் ஸ்கோப்புக்குள் இருக்கும் கூட்டல் குறியும் தெரிந்திருக்கும், இரண்டும் தெளிவாக, ஒரே இடத்தில். "மேல போயிட்டு வந்துதான் மாட்டணும்" என்றார். அதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

போகலாம் என்றேன். ஸ்கோப்பும் வரட்டும், சாமி காலில் வைக்கட்டும். விபூதியையும் வாங்கிக்கொள்ளட்டும். ரைஃபிளின் மரக்கட்டையில், கன்னம் படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அவர் இஷ்டம் போல எத்தனை பட்டை வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். இரும்பில் மட்டும் கூடாது. குழாயையும் வளையங்களையும் ஸ்பிரிட்டில் மூன்று தடவை துடைத்து வைத்திருக்கிறேன். இந்த முறை மாட்டப்போவது நான். அவருடைய திருப்புளிகளை இரவல் வாங்கிவிட்டேன். மாட்டியதும் வளையத்தை ஒட்டிக் குழாயின் மேல் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கப் போகிறேன். மயிரளவு நகர்ந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். பத்துக் குண்டுக்கு ஒருமுறை குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. பெல்லட் டப்பாவை அவர் மேசைமேலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அதில் ஒட்டிய தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது.