பதினோரு வினாடி முகம்

அம்பாங்கானில் அந்த மின்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் சத்தியசீலன் விலையைக் கேட்கவில்லை. எத்தனை அங்குலம் என்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து நீட்டினார்.

"இதப் போட்டுக் காட்டுங்க. எதுல மூஞ்சி நல்லா தெரியுதோ அத எடுத்துக்கிறேன்."

கடைக்காரர் முஹம்மது ஃபாரூக் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என்ன படம்ணே இது?"

"படம் இல்ல. எங்க தோட்டத்துக் கோயில் திருவிழா."

சுவர் நிறையத் தொலைக்காட்சிகள் எரிந்துகொண்டிருந்தன. ஃபாரூக் முதல் பெட்டியில் ஓடவிட்டார். இருட்டில் இரத ஊர்வலம் வந்தது. சத்தியசீலன் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, சலவை இயந்திரங்களுக்கு நடுவே போய்க் குந்திக்கொண்டார்.

"அண்ணே, டிவிய நேரா நின்னு பாக்கணும்லா. அங்க போயி ஒக்காந்தா வாஷிங் மெசின் வாங்க வந்தவருன்னு நெனப்பாங்க."

"எங்க வூட்டுல கட்டிலு இந்தப் பக்கமாத்தான் கெடக்கு. வேற பக்கம் திருப்ப எடமில்ல."

ஊர்வலத்தில் உறுமி மேளக் குழு வந்ததும் சத்தியசீலன் கை தூக்கினார். வரிசையில் மூன்றாவதாக ஓர் இளைஞன். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உறுமி. கேமராப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். பதினோரு வினாடிகள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மெல்லிசான புதிய பெட்டிகளில், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த முகம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிப்போனது. இருட்டெல்லாம் நீலமாகத் தெரிந்தது. நான்காவதாக, ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்த பிளாஸ்மா டிவியில் போட்டபோது, கன்னத்தில் வழிந்த வியர்வை வரைக்கும் தெரிந்தது. இருட்டு இருட்டாகவே இருந்தது.

"இது," என்றார் சத்தியசீலன்.

"அண்ணே, நாணயமா சொல்றேன். இது பழைய சரக்கு. கனம். கரண்டு இழுக்கும். எல்லாரும் இப்ப மெல்லிசுதான் வாங்குறாங்க." ஃபாரூக் திரையைப் பார்த்தார். "யாரு தம்பி?"

"மவன். முகுந்தன்."

"எங்க வேல செய்யுறாரு?"

"போன வருசம் தவறிட்டான். மோட்டார் ஆக்சிடெண்டு."

ஃபாரூக் அப்புறம் விலை பேசவில்லை. ஒரு துணியை எடுத்து, அந்தப் பெட்டியின் திரையை மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்தார்.

சத்தியசீலனுக்கு அவசரம் இருந்தது. அவர் மனைவி பஞ்சாலைக்குப் பதினெட்டு வருடமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் நடுப்பகுதி அழிந்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பார்வை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று மாதம் தாங்கலாம், அதற்கு முன்பே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் காரில் திரும்பி வரும்போது பஞ்சாலை ஒன்றுதான் கேட்டாள். "அது போறதுக்குள்ள புள்ள மூஞ்சிய ஒருதடவ முழுசாப் பாத்துரணுங்க."

வீட்டில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பஞ்சாலை அதை ஏற்கவில்லை. "போலீஸ் டேசன்ல புடிச்சு நிக்க வச்ச மாரி இருக்கு. இவன் யாரோ," என்பாள். முகுந்தனின் கைப்பேசி விபத்தில் நொறுங்கிவிட்டது. மிச்சம் இருந்தது, லோபாக்கில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மகேந்திரன் எடுத்த திருவிழா டிவிடிதான். வீட்டுப் பழைய பெட்டியில் அந்த முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும்.

வாங்கியபின் ஃபாரூக் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். "நிமித்தியே கொண்டு போங்க, படுக்கப் போட்டா கண்ணாடி வெடிச்சிரும். பின்னால காத்து போவணும், சூடாவும். அப்புறம், இதான் முக்கியம்ணே. படத்த ஒரே எடத்துல நிறுத்தி வைக்காதீங்க. பழைய மாடல்னாலும் இன்னும் ஓடாத செட்டு. நின்ன படம் கண்ணாடில படிஞ்சிரும். அப்புறம் என்னத்த ஓட்டுனாலும் பின்னால நெழலா நிக்கும்."

சத்தியசீலன் தலையாட்டினார். அவர் செண்டாயான் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுபவர். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளை மதித்தே இருபது வருடம் வேலை செய்தவர்.

கடை வேன் தோட்டத்துச் செம்மண் பாதையில் வராது என்பதால், பக்கத்து வீட்டு முருகையா செம்பனைக் குலை ஏற்றும் லாரியைக் கழுவிக் கொண்டுவந்தார். லாரியில் ஒரு மெத்தையும் விரித்திருந்தார்.

"படுக்க வையி சீலா. என் மவ கல்யாணத்துக்குக் கண்ணாடி அலமாரிய இப்பிடித்தான் கொண்டாந்தோம். ஒரு கீறல் விழுந்துச்சா?"

"இது அலமாரி இல்லண்ணே."

"பின்ன? அதுவும் கண்ணாடி, இதுவும் கண்ணாடி. மெத்தையில படுத்தா யாருக்கு வலிக்கும்?"

சத்தியசீலன் லாரியின் பின்னால் ஏறி, பெட்டியை நிறுத்தி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தோட்டம் வரைக்கும் அப்படியே நின்றார். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி அவர் மார்பில் மோதியது. இறங்கும்போது கை மடங்க மறுத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிச்சமிருந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். "சீலன் அண்ணன் கல்யாணப் பொண்ணத் தூக்கிட்டு வர்ற மாரில்ல வர்றாரு," என்றாள் முருகையாவின் மனைவி மயிலம்மாள். சிரித்துவிட்டு, பஞ்சாலை வாசலில் நிற்பதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகைச் சுவர் கனம் தாங்காது. இரும்புப் பெட்டி இரண்டை அடுக்கி, அதன்மேல் நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து திரையே தெரியவில்லை. ஜன்னலுக்குக் கம்பளியை ஆணியடித்தார். பிறகு சுவிட்சைத் தட்டினார். பியூஸ் போனது. மாற்றிவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி போனது. ஐஸ்பெட்டியும் பிளாஸ்மாவும் ஒன்றாக ஓடினால் லயத்து வயர் தாங்கவில்லை.

"ஐஸ்பெட்டிய நிப்பாட்டுங்க," என்றாள் பஞ்சாலை கட்டிலிலிருந்து.

"ஊசி மருந்து அதுலதான் இருக்கு புள்ள."

"மயிலம்மா வூட்டு ஐஸ்பெட்டில குடுத்து வைங்க. அங்க கோழி இருக்கும், மீனு இருக்கும். கூட என் மருந்தும் இருக்கட்டும்."

அப்படித்தான் செய்தார்கள். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தையும் நிறத்தையும் கடைசி எல்லைவரை ஏற்றினார். முகுந்தன் திரும்பினான். சிரித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வந்தானா?" என்றாள் பஞ்சாலை.

அவள் தலையைச் சாய்த்து, ஓரக் கண்ணில் பார்வை எங்கே இருக்கிறதென்று தேடி, அதைத் திரைக்குக் கொண்டுவருவதற்குள் பதினோரு வினாடிகளும் முடிந்துவிட்டன. பின்னால் ஓட்டிப் போட்டார். முடிந்துவிட்டது. மறுபடி. இருபது தடவை இருக்கும். கடைசியில் அவள் கட்டில் சட்டத்தில் கையால் அடித்தாள்.

"அங்கயே நிறுத்துங்களேன். எங்க ஓடுறான் அவன், அப்பிடி என்ன அவசரம்?"

அவர் கையில் ரிமோட் இருந்தது. ஃபாரூக் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவில் இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

நாற்பத்திரண்டு அங்குலத்தில் முகுந்தன் சிரித்தபடி நின்றான். பஞ்சாலை எழுந்து வந்து, திரைக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியில் அமர்ந்தாள். தலையை இடமும் வலமும் சாய்த்துத் துண்டு துண்டாகப் பார்க்கத் தொடங்கினாள். பத்து நிமிடம் கழித்து அவர் படத்தை ஓடவிடப் போனார்.

"இருங்க! இப்பத்தான் மூக்குக்கு வந்திருக்கேன்."

மறுநாள் காலை வேலைக்குப் போகும்முன் படிப்படியாகச் சொன்னார். அரைமணிக்கு ஒருதடவை மாற்று, சூடானால் அணைத்துவிடு. அவள் சரி என்றாள். சாயங்காலம் திரும்பியபோது தகரக் கூரையின் அடியில் அறை அடுப்பாகக் கிடந்தது. முகுந்தன் அதே சிரிப்பில் நின்றான். நாற்காலியில் அவள் வியர்த்துப் போயிருந்தாள்.

"காலையில இருந்தா?"

"புருவம் வரைக்கும் வந்துட்டேங்க. அந்தத் தழும்பு இருக்குல்ல, சின்னதுல ரப்பர் கொட்ட பொறுக்கப் போயி விழுந்தது? இருக்குதுங்க, அப்பிடியே இருக்கு." அவள் குரலில் ஒன்றரை வருடமாக இல்லாத ஏதோ இருந்தது. திட்ட வந்தவர், துண்டை எடுத்து அவள் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

பிறகு அவள் கேட்டாள். "யாரப் பாத்துங்க சிரிக்கிறான்?"

"மகேந்திரனப் பாத்துத்தான். அவன்தான படம் எடுத்தான்."

அது பொய். மகேந்திரனுக்குப் பக்கத்தில் அன்று நின்றவர் சத்தியசீலன். தன் சொல்லை மீறி முகுந்தன் மோட்டார் சைக்கிள் வாங்கியதிலிருந்து நான்கு மாதம் மகனோடு பேசாமல் இருந்தார். ஊர்வலத்தில் அவன்தான் முதலில் சிரித்தான். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் அவனும் திருப்பிக்கொண்டான். ஆறு வாரத்தில் செண்டாயான் பாதையில் எல்லாம் முடிந்துவிட்டது. சவப்பெட்டியின் முன்னால்கூட அழாதவர் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர்.

பன்னிரண்டு நாள் அப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் அவர் செய்திக்கு மாற்றிப் பார்த்தார். செய்தி வாசிப்பவரின் கோட்டுக்குப் பின்னால் மூன்று கறுப்புக் கோடுகள் தெரிந்தன. விபூதி. வெள்ளையாக இருந்ததெல்லாம் கறுப்பாகப் படிந்திருந்தது. பற்கள் கறுப்பு வரிசையாகவும், கண்கள் வெளிறிய இரண்டு குழிகளாகவும் இருந்தன. எந்த அலைவரிசைக்குப் போனாலும் அது கூடவே வந்தது.

ஃபாரூக்கைக் கூப்பிட்டார்.

"சொன்னேனேண்ணே," என்றார் ஃபாரூக். கோபமாகச் சொல்லவில்லை. "வெறும் வெள்ளப் படம் இருக்கு, டிவிடி தர்றேன். ராவும் பகலும் ஓட விடுங்க. கொறையும். முழுசா போவுமான்னு தெரியாது."

டிவிடியை வாங்கி வந்தார். உறை பிரிக்காமல் இரும்புப் பெட்டி ஓரத்தில் வைத்தார். பஞ்சாலை பார்த்து முடிக்கட்டும், பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பஞ்சாலை எழுந்து, "இன்னும் விடியலையாங்க?" என்று கேட்டாள். கம்பளியை அவர் அப்போதுதான் விலக்கியிருந்தார். வெயில் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் மூன்று நாள். கண்ணுக்குள் இரத்தம் இறங்கிவிட்டது, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் சத்தியசீலன் முதல் வேலையாக மயிலம்மாளிடமிருந்து மருந்தை வாங்கிவந்து, ஐஸ்பெட்டியை ஓடவிட்டார். இனி எதற்கு அந்தப் பிளாஸ்மா?

மறுநாள் மழை பெய்துகொண்டிருந்தபோது பஞ்சாலை கேட்டாள். "டிவியப் போடுங்க."

"எதுக்குப் புள்ள?"

"போடுங்களேன்."

போட்டார். ஐஸ்பெட்டி ஓடுகிறது என்பது அவருக்கு அந்த நேரம் நினைவில் இல்லை. ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் முகுந்தனின் நிழல் விழுந்திருந்தது. பஞ்சாலை தடவிக்கொண்டே வந்து நாற்காலியில் அமர்ந்தாள்.

"கண்ணாடில படிஞ்சிட்டான்னு மயிலம்மா சொன்னா. நெசமா?"

"ம்."

"எங்க?"

அவர் அவள் கையைப் பிடித்துத் திரையில் வைத்தார். "இங்க நெத்தி."

அவள் உள்ளங்கையைக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு நான்கு விரற்கடை மேலே நகர்த்தினாள். "நெத்தி இங்கங்க. நீங்க புருவத்துல வச்சிட்டீங்க." அவர் பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி. மூன்று கறுப்புக் கோடுகளும் அவள் விரல்களின் கீழே இருந்தன.

"சூடா இருக்கான்," என்றாள். விரல் கன்னத்துக்கு இறங்கியது, வாய்க்கு வந்தது. அங்கே நின்றது. "யாரப் பாத்துச் சிரிச்சான்? மகேந்திரனப் பாத்து இவன் இப்பிடிச் சிரிக்க மாட்டான்."

சமையல்காரி எண்ணெய் சூடாவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லலாம், இவள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்று சத்தியசீலனுக்குத் தோன்றியது.

"என்னையப் பாத்து."

"நீங்க சிரிச்சீங்களா?"

"இல்ல."

 அவள் கையை எடுக்கவில்லை. அப்போது சமையலறையில் ஐஸ்பெட்டி ஒருதடவை உறுமியது. திரை அணைந்தது. வீடே அணைந்தது. அவன் இல்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் கம்பளி விலகிய ஜன்னல் தெரிந்தது, ஒரு கிழவனும் தெரிந்தான்.

"கரண்டு போச்சா?"

"பியூசு. இரு, இந்தா வந்துட்டேன்."

வெளியே ஓடினார். பியூஸ் பெட்டி வாசல் கூரையின் கீழ் இருந்தது. சாரலில் கை நனைந்திருந்தது. மூடியைத் திறந்தார். கம்பி கருகியிருந்தது. புதுக் கம்பியைச் சுற்றப் போனார், நழுவிக் கீழே விழுந்தது. சேற்றில் மண்டியிட்டுத் தேடினார். இருபது வருடம் டன் கணக்கில் சரக்கை அங்குலம் பிசகாமல் இறக்கிய விரல்கள், ஒரு கம்பித்துண்டைப் பிடிக்க முடியாமல் சேற்றையே அள்ளின. கடைசியில் அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது. தகரத்தில் விழுந்த மழையைத் தாண்டி ஒன்பது வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து பஞ்சாலையின் குரல் வந்தது. "சீக்கிரங்க... கை வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆறுதுங்க. ஆறிக்கிட்டே போறான்."