பதினாலு பேருக்கும் ஆப்சென்ட்

என் மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று எழுதுங்கள் எனக் கேட்டு நான் சண்டை போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு எப்படியாவது வருகை போட்டுவிடுங்கள் என்று கெஞ்சும் அம்மாக்களைத்தான் எல்லாருக்கும் தெரியும். நான் ஆப்சென்ட் கேட்டு நின்றவள். அதுவும் ஒரு பிள்ளைக்கு இல்லை, பதினாலு பிள்ளைகளுக்கு. இன்றுவரை அதற்காக வெட்கப்பட்டதில்லை. நினைத்தால் கோபம்தான் வருகிறது.

செஞ்சியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போய், இறங்கி நடந்தால் எங்கள் குடியிருப்பு. ஏரிக்குக் கீழே இருபது வீடுகள், எல்லாரும் இருளர்கள். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் இருக்கிறது. வெயில் காலத்தில் ஓடையைத் தாண்டினால் பத்து நிமிஷம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்துவிட்டால் ஓடை முட்டத் தண்ணீர் போகும். அப்புறம் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காலையில் ஏழு, சாயங்காலம் ஏழு நடக்குமா? வீட்டில்தான் இருக்கும். ஒரு வருஷம் இருபது நாள், ஒரு வருஷம் நாற்பது நாள். செஞ்சிக் கோட்டையில் ராஜா இல்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அங்கே ஏறிப் பார்க்க இன்றைக்கும் படிக்கட்டு இருக்கிறது. பிள்ளைகள் படிக்கப் போகிற வழியில் ஒரு சிறுபாலம் கிடையாது.

நானும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் சுத்தமாக வரும். வகுத்தல் மட்டும் வராது. வகுத்தல் நடத்திய மாதம் ஏரி நிரம்பியிருந்தது. பிறகு செஞ்சியில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டு முடித்தேன். சாதிச் சான்று கைக்கு வருவதற்குள் கல்லூரியில் சேரும் தேதி போய்விட்டது. தபால் வழியில் பி.ஏ. படித்தேன். இப்போது தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று அடித்து அடித்தே என் விரல் தேய்ந்துவிட்டது.

அப்படிப்பட்டவளைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். தலைவி ஒரு மாணவரின் அம்மாவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஊர் அம்மாக்கள் யாருக்கும் கூட்டத்துக்கு வந்து உட்கார நேரமில்லை. இருளப் பெண் என்றால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள். பாவம், ஆள் தெரியாமல் நினைத்துவிட்டார்கள்.

தலைவியானதும் முதல் வேலையாகச் சிறுபாலம் கேட்டு ஒரு மனு அடித்தேன். ஊருக்கெல்லாம் அடித்த கை, எனக்காக அடித்த முதல் மனு. திங்கட்கிழமை விழுப்புரம் போய்க் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி குடியிருப்பைச் சேர்ந்த மாணவர்களின் பள்ளி வருகை மழைக்காலத்திலும் முழுமையாக உள்ளதால், பாதையில் இடையூறு ஏதும் இல்லை எனத் தெரிய வருகிறது என்று எழுதியிருந்தது.

கடையில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். அன்றைக்குக்கூட என் மகள் வீட்டில்தான் இருந்தாள். கலங்கல் வழிந்து ஒரு வாரமாகியிருந்தது.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தார் ரோட்டு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை செஞ்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நல்லவர். பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவார், வரும்போது பேனுக்கு எண்ணெய் வாங்கி வருவார். எங்கள் பிள்ளைகளைத் தொட்டுப் பேசுகிற ஆள். அவரிடம் கடிதத்தை நீட்டினேன்.

“இன்னா டீச்சர் இது? எங்க பசங்க தெனம் வராங்களா?”

அவர் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு போனை எடுத்துக் காட்டினார். காலையில் பத்து மணிக்குள் அதில்தான் வருகை போட வேண்டும். எங்கள் பதினாலு பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறார்கள் என்று பச்சையாக இருந்தது. அன்றைக்கு, முந்தின நாள், அதற்கு முந்தின நாள், எல்லாம் பச்சை.

“ஏம்மா, நான் கெட்டது பண்ணலையே” என்றார். “முன்னாடி ஒரு ஸ்கூல்ல உங்க ஜனத்துப் பொண்ணு ஒருத்திக்கு உள்ளபடி ஆப்சென்ட் போட்டேன். நாள் கூடிப் போச்சுன்னு பேரையே எடுத்துட்டாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் பக்கமே வரல. அன்னியிலிருந்து நான் உங்க பிள்ளைங்களுக்கு ஆப்சென்ட் போடறதில்லை.”

அவர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“டீச்சர், நீங்க பாவம் பாத்துப் போட்ட பச்சைதான் எங்க பாலத்தை முழுங்கிடுச்சு” என்றேன். “என் பொண்ணு மூணாங்கிளாஸ். ஒரு பக்கம் எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு அரை நாள் ஆவுது. கேட்டா லீவே போடாத பொண்ணுன்னு இருக்குது. அப்ப அவ மக்குன்னு அர்த்தமா?”

“ஆப்சென்ட் போட்டா எனக்கு மெமோ வரும்மா.”

“வரட்டும். பதில் நானே டைப் அடிச்சுத் தரேன்.”

“பிள்ளைங்க பேரை எடுத்துட்டா?”

நிஜமாகவே பயமாக இருந்தது. பதினாலு பிள்ளைகளில் ஒன்று என் மகள். மற்ற பதிமூன்றும் என்னை நம்பித் தலைவி என்று கூப்பிடுகிறவர்களின் பிள்ளைகள். இருந்தாலும் சொன்னேன், “எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் வரலன்னு யாராச்சும் கேக்கணும் இல்ல? அந்தக் கேள்வி எங்களுக்கு வேணும் டீச்சர். இதுவரைக்கும் எங்கள யாரும் ஒண்ணும் கேட்டதே இல்ல.”

உள்ளபடி போடாவிட்டால் குழுக் கூட்டத்தின் அந்த மாதத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அன்றைக்கே மாற்றவில்லை. இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். “இன்னிக்குப் போட்டுட்டேன்மா” என்றார்.

பதினோரு நாள் ஓடியது. பதினாலு பேருக்கும் ஆப்சென்ட். நான் நினைத்தபடியே கேள்வி வந்தது. கல்வி அதிகாரி நேரில் வந்து விசாரிக்கப் போகிறார் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், “நாளைக்கு ஆபீசர் வராரு. நம்ம பசங்க ஏன் இஸ்கூலுக்கு வரலன்னு கேக்கப் போறாரு.”

படித்தவள் செய்த முட்டாள்தனம் அதுதான். ஓர் ஆபீசர் வந்து ‘ஏன்’ என்று கேட்டால் எங்கள் ஜனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு மோட்டார் திருடு போனால் ஜீப் முதலில் எங்கள் குடியிருப்புக்குத்தான் வரும். நேற்று எங்கே இருந்தாய், ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். ‘ஏன்’ என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வர ஒரு வாரம் ஆன கதை எல்லா வீட்டிலும் உண்டு. நான் சொன்னதை அவர்கள் கேட்ட விதம் வேறு. பிள்ளைகள் வராததற்கு யாரையோ பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

விடிந்ததும் நான் தார் ரோட்டில் சுற்றி நடந்து போய், பஸ்ஸில் வந்த தலைமையாசிரியையோடு ஊர் முனையிலேயே அதிகாரிக்காகக் காத்து நின்றேன். ஒன்பதரைக்கு அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். நடு வயது, கண்டிப்பான முகம். அவரை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போன தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன்.

பதினாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைசீவி, கையைக் கட்டிக்கொண்டு. முன் வரிசையில் என் மகள்.

வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஆபீசர் வருகிறார் என்று கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டையோடு ஓடைக்குள் இறங்கி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கழற்றித் தலையில் சுற்றிக்கொள்ளலாம் என்றால் தோளில் பிள்ளை, கையில் புத்தகப் பை. அந்த வரிசையில் என் வீட்டுக்காரரும் நின்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கதான் தலைவியா? வரவே வழியில்லைன்னு மனு குடுத்திருக்கீங்க. இங்க ஒருத்தர் பாக்கி இல்லாம உக்காந்திருக்காங்களே?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். “எங்க பசங்க டெய்லி வர்றாங்க சார். லீவே போடமாட்டாங்க. எங்க மேல ஒண்ணும் தப்பு இல்ல சார்.”

அவரை அப்படியே ஓடையில் பிடித்துத் தள்ளலாமா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவர் மேல் எனக்குத் துளி இரக்கம் இல்லை. அதிகாரி தலைமையாசிரியையிடம் திரும்பி, எதற்காகப் பொய்யாக ஆப்சென்ட் போட்டீர்கள் என்று குரலை உயர்த்தினார். டீச்சர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் சட்டையைக் கவனித்தேன். செம்மண் தண்ணீர். நெஞ்சுக்குக் குறுக்கே அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெள்ளை, கீழே காவி.

வகுப்புக்குள் போய் என் மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அவளை அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கோடு அவள் உச்சந்தலைக்கு நாலு விரல் மேலே இருந்தது.

“சார், தண்ணி இது வரைக்கும் போவுது” என்று அந்தக் கோட்டில் விரலை வைத்தேன். “என் பொண்ணு இவ்ளோதான் இருக்கறா. வழி இருக்குதா இல்லியான்னு நீங்களே சொல்லுங்க.”

அதோடு நான் நிறுத்தவில்லை. அடுத்த பிள்ளையைக் கூட்டி வந்து அதன் அப்பா பக்கத்தில் நிறுத்தினேன். அடுத்தது, அதற்கு அடுத்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடு எட்டாத உயரத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் மூக்குக்கு வந்தது. பதினாலு பேரையும் நிறுத்தி முடித்தேன். எங்கள் ஆண்கள் கூப்பிய கையை எப்போது இறக்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அதிகாரி, பள்ளியைப் பார்வையிட வருகிறவர்கள் எழுதும் பார்வைப் பதிவேட்டை வாங்கினார். பதினாலு மாணவர்களும் வருகை என்று எழுதி என்னிடம் நீட்டினார். “தலைவி கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கு வந்திருக்காங்க இல்ல, அதை மாத்த முடியாது.”

பேனாவை வாங்கினேன். அவர் எழுதியதற்குக் கீழே எழுதினேன்: ‘பதினாலு பேரும் அப்பாவின் தோளில் வந்தவர்கள். நடந்து வந்தவர் ஒருவரும் இல்லை.’ அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார். நான் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டார்.

அன்று சாயங்காலம் ஓடைப் பக்கம் ஒருவரையும் இறங்க விடவில்லை. பதினாலு பிள்ளைகளையும் அப்பாக்களையும் ஊர்த் தெருவில் கூட்டிக்கொண்டு தார் ரோட்டு வழியாக நடந்தேன். வழியில் என் வீட்டுக்காரர், “பயந்துட்டம்மே” என்றார். “தண்ணிக்கு இல்லாத பயம் ஆபீசருக்கா?” என்று கேட்டேன். அவர் சின்னப் பிள்ளை ஒன்றின் பையை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓடையை அளக்க இரண்டு தடவை ஆள் வந்தார்கள். டேப்பைப் பிடித்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். பாலம் இன்னும் வரவில்லை. வரும்வரை நான் விடப்போவதில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அதிகாரி வந்துபோன மறுநாள் காலைதான். தண்ணீர் இறங்கவில்லை. பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தலைமையாசிரியை போன் செய்தார்.

“இன்னிக்கு என்னம்மா போடட்டும்?”

“ஆப்சென்ட் டீச்சர். பதினாலு பேருக்கும்.”

பக்கத்தில் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நின்ற என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நேற்று முன் வரிசையில் உட்கார்ந்தவள் இல்லையா.

“ஏம்மா அப்டி சொன்ன? நைனா தூக்கினு போறன்னுதான சொன்னாரு? நீதான் வுடமாட்டேன்ற.”

“ஆமாம், நான்தான் வுடல” என்றேன். “யாரு வந்து கேட்டாலும் அம்மாதான் வுடலன்னு சொல்லு.”

அவள் அழுதுகொண்டே கேட்டாள், “யாரு வருவாங்க?”

வரட்டும் என்றுதான் ஆப்சென்ட் போடச் சொன்னேன்.