முதுகுக்குப் பின்னால் மகாவலி

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் மூவரும் பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சைக்கிளில் போய், மூங்கில்களுக்குக் கீழே மகாவலி ஆற்று மணலில் இறங்கினோம். நல்ல வெயில். சற்று மேலே, பாறையில் சிங்களப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்ததால் மரியாதையாக முதுகைத் திருப்பி உட்கார்ந்தோம்.

திடீரென்று அவர்கள் கத்தினார்கள்.

"ஏசுறாங்க, திரும்பாதீங்கடா," என்றான் ஹமீது.

தலையை இன்னும் குனிந்துகொண்டோம். காலடி மணலில் நீர் ஊறியது, நான் பொருட்படுத்தவில்லை.

ஒரு கல் என் முதுகில் விழுந்தது. கோபத்தோடு திரும்பினேன்.

பெண்கள் மேட்டில் நின்றார்கள். குளித்த பாறையைக் காணவில்லை. எங்கோ மலையில் பெய்த மழை, வேரோடு பிடுங்கிய மரங்களோடு செந்நிறமாக வந்துகொண்டிருந்தது.

ஓடிக் கரையேறினோம். மணலில் போட்டிருந்த சைக்கிள்கள் வெள்ளத்தோடு போயின. ஹமீதின் துருக்கித் தொப்பி சுழன்று சுழன்று மறைந்தது.

ஈரத்துணியோடு நின்றவர்களை, நன்றி சொல்லக்கூட நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்றும் அந்தக் கரையில் வெயில் பளீரென்று அடித்தால் என் முதுகு கூசுகிறது.