அத்தையின் கத்தியும் மாமாவின் பெயிண்ட் டப்பாவும்

என் அத்தையின் உடைகள் எல்லாவற்றிலும் வலது பக்கம் ஒரு பை இருக்கும். தையற்காரரிடம் கழுத்து, கை, உயரம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் சொல்வார். என் அக்கா கல்யாணத்துக்குத் தைத்த ஜரிகை வைத்த உடையிலும் பை இருந்தது. பைக்குள் மடக்குக் கத்தியும் இருந்தது. பரிசுப் பெட்டி ஒன்றை யாரோ பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தபோது, அத்தை எழுந்து ஒற்றைக் கையால் கத்தியை விரித்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்து போனார். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறது.

அத்தைக்கு ஒரு பெரிய மரச்சாமான் கடையின் கிடங்கில் வேலை. லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். ஆனால் அட்டைக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்கு அடியில் சோஃபாவின் தோல். கத்தி முனை கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் அந்த சோஃபாவை யாரும் வாங்க மாட்டார்கள். அத்தை ஆட்காட்டி விரலை முனையை ஒட்டி வைத்துக்கொண்டுதான் இழுப்பார். விரல் தடுக்கும் ஆழத்துக்குமேல் கத்தி போகாது. அவர் கையில் ஒரு சோஃபாகூடக் கீறல் பட்டதில்லை. வெள்ளைத் தோல் சோஃபா வந்தால் கிடங்கில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். "அக்கா வரட்டும்" என்பார்கள்.

அந்த "அக்கா வரட்டும்" அத்தைக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. வீட்டில் குழாய் ஒழுகினால்கூடத் தான் வரும்வரை ஒழுகட்டும் என்று நினைப்பவர்.

மாமா வீட்டுக்குக் கீழேயே சலூன் வைத்திருக்கிறார். அவருடைய கத்தரிக்கோல்கள் வெல்வெட் துணியில் தூங்கும். ஒருமுறை அதில் ஒன்றை எடுத்து மாத்திரை அட்டையை வெட்டிவிட்டேன். அதன் பிறகு பல நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். அதே மாமாதான், சலூனுக்குப் பெயிண்ட் அடித்த அன்று, அத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போன கத்தியை எடுத்து டப்பாவின் மூடியை நெம்பினார்.

மூடி திறந்தது. கத்தியின் முனை ஒடிந்து பெயிண்டுக்குள் விழுந்தது. சலூன் சுவரில் இன்றும் எங்கோ அது இருக்கிறது.

தலை துவட்டியபடி வந்த அத்தை கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் மாமாகிட்ட சொல்லு. அவரோட கத்தரிக்கோலால நூல் வெட்டினாலே வீடு ரெண்டாகும். என் கத்தின்னா மட்டும் கடப்பாரையா?"

மாமா எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"தெரியாம பண்ணிட்டேன்மா..."

"இன்னொண்ணும் சொல்லு. இதுக்குச் சமமா ஒரு கத்தி என் கைக்கு வர்ற வரைக்கும் எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது."

வேறு யாருக்காவது இது சின்ன தண்டனையாக இருக்கலாம். மாமா பேசாமல் முடி வெட்டத் தெரியாதவர். ஊர்க்கதை முழுவதையும் சேர்த்துவைத்து, இரவுச் சாப்பாட்டின்போது அத்தையிடம் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இப்போது கதையை என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அத்தை உடைந்த கத்தியையே வேலைக்கு எடுத்துப் போனார். "மொட்டையை வெச்சுக்கிட்டு மாரடிக்கிறேன்" என்று தினமும் என்னிடம் புலம்புவார். அதாவது மாமாவிடம்.

மாமா முதலில் வாங்கி வந்தது தடிமனான ஒரு சிவப்புக் கத்தி. அதற்குள்ளிருந்து ரம்பம், பூதக்கண்ணாடி, மீன் செதில் சுரண்டி, கடைசியாக ஒரு ஸ்பூனும் வந்தது.

"நான் வேலைக்குப் போறேனா, காட்டுக்குப் போறேனான்னு கேளு" என்றார் அத்தை.

அடுத்தது கறுப்பாக, கைப்பிடியில் வாயைத் திறந்த பாம்போடு வந்தது. பொத்தானை அழுத்தினால் சீறிக்கொண்டு திறக்கும். அத்தை கத்தியின் அலகை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். ஆடும் பல்லைப்போல ஆடியது.

"பாம்புக்குப் பல் சரியில்லன்னு சொல்லு."

இதற்குள் மாமாவின் இடது கையில் முழங்கைவரை ஒரு முடிகூட இல்லை. கடைகடையாக ஏறி, ஒவ்வொரு கத்தியையும் அதில் வழித்துப் பார்த்திருந்தார். சலூன்காரருக்குக் கூர் என்றால் அதுதான். கடைசியில் என்னைத் தூது விட்டார்: அவளே வந்து பார்க்கட்டும்.

மூவரும் கத்திக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். அத்தை கூரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அலகு நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறதா என்று பார்த்தார். விரித்து ஆட்டினார். ஆடியதெல்லாம் ஓரம் போயின. விரல்களை ஒதுக்கிப் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் தட்டினார். பூட்டு நழுவி மடங்கியவையும் ஓரம் போயின. பிறகு பையிலிருந்து வேலைக் கையுறையை எடுத்து மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, மீதி இருந்தவற்றை ஒற்றைக் கையால் திறந்து மூடினார்.

"வாங்க வந்தீங்களாக்கா, இல்ல சோதனை போட வந்தீங்களா?"

"மடங்கினா போறது என் விரல் தம்பி. நீங்களா தருவீங்க?"

மாமாவால் பொறுக்க முடியவில்லை. ஒன்றை எடுத்துத் தன் வலது கையில் சரக்கென்று வழித்தார்.

"பாரு, சோப்புகூட இல்லாம! இதுதான் கூருன்னு அவகிட்ட சொல்லு."

"அட்டை என்ன கன்னமா? இப்போ கூரா இருந்து என்ன பண்ண? சாயங்காலமும் இருக்கணும்னு சொல்லு."

அத்தை தன் பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்தார். மிச்சமிருந்த கத்திகளால் அதை நாடா நாடாவாகக் கிழித்தார். மேசையில் குப்பை மலையாகக் குவிந்தது. அதன் பிறகுதான் செய்தித்தாளை வெட்டிப் பார்த்தார். தாளைக் கடித்துக் குதறியவை தோற்றன. சத்தமில்லாமல் வெட்டியது ஒன்றே ஒன்று: சாம்பல் நிறக் கைப்பிடி, பார்த்தால் மறந்துபோகும் முகம்.

"இந்தக் குப்பையை யாருக்கா கூட்டுறது?" என்றார் கடைக்காரர்.

அத்தை என்னைப் பார்ப்பதற்குள் மாமா துடைப்பத்தை எடுத்துவிட்டார். தொழில் பழக்கம், மூலையில்கூட ஒரு துணுக்கு விடவில்லை.

"இப்போ பேசலாமான்னு கேளு" என்றார், குனிந்தபடியே.

"ஒரு நாள் வேலையில பார்த்துட்டுத்தான் தீர்ப்பு."

மறுநாள் மாலை மாமா சலூனை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வந்தார். யாரையும் பார்க்காமல் படியேறினார். நான் பின்னாலேயே போனேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கத்தி சரியில்லையா அத்தை?"

"கத்திக்கு என்னடி? தங்கம்."

கிடங்குக்கு ஒரு வெள்ளை சோஃபா வந்திருக்கிறது. அக்கா வரட்டும் என்றிருக்கிறார்கள். அக்கா வந்து புதுக் கத்தியை வைத்து இழுத்ததில், அட்டை, பிளாஸ்டிக், தோல் மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன.

"விரலை வைக்கலடி. இந்த மொட்டைக் கத்தி எவ்வளவு அழுத்தினாலும் உள்ள குத்தாது. அது கூடவே இருந்து என் விரல் சோம்பேறி ஆயிடுச்சு. எனக்கே தெரியல." கையுறையைக் கழற்றி மடியில் போட்டார். "சூப்பர்வைசர் வந்து பார்த்துட்டு, 'அக்கா, நீங்களா?'ன்னு கேட்டான். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. நாளைக்கு ரெண்டு வெள்ளை வருது. வேற ஆளைப் போடுறேன்றான்."

பையிலிருந்து இரண்டு கத்திகளையும் எடுத்துப் படுக்கையில் வைத்தார். எல்லாச் சோதனையிலும் தேறிய புதியது ஒன்று. மாமா கெடுத்து வைத்த மொட்டை ஒன்று. எது தன் வேலைக்கு ஆகும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்வதென்றால் யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அவர் முகம் கசப்பு மருந்து குடித்ததுபோல் ஆனது.

மொட்டையின் உடைந்த ஓரம் கரடுமுரடாக இருந்தது. அதை வழவழப்பாக உருட்ட நைசான சாணைக்கல் வேண்டும். அப்படிப்பட்ட கல் சலூனில்தான் இருந்தது. அதை மாமா யாருக்கும் தருவதில்லை.

அத்தை எழுந்து கீழே போனார். நானும் போனேன், மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று. மாமா ஒரு வாடிக்கையாளரின் பாதிக் கன்னத்தை வழித்து முடித்திருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்க."

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எ... எதுக்கும்மா?"

அத்தை மொட்டைக் கத்தியை நீட்டினார். "இந்த முனையை உருட்டணும். குத்தாம இருக்கணும், வெட்டணும்."

மாமா கத்தியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மெல்ல மெல்ல, காது வரைக்கும், ஒரு சிரிப்பு பரவியது.

"அப்போ அன்னைக்கு நான் உடைச்சது..."

"வாயை மூடுங்க."

"சரிம்மா."

இத்தனை நாளில் அவர் இவ்வளவு சந்தோஷமாக வாயை மூடி நான் பார்த்ததில்லை. கல்லை எடுத்து, எண்ணெய் விட்டு, முனையைத் தானே தேய்க்க உட்கார்ந்தார். அத்தை தலைக்குமேல் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்", "போதும், போதும்னா கேட்கணும்" என்று நேரடியாகவே திட்டிக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்ததும் பழக்கத்தில் மாமா முன்கையைத் தடவினார். வழித்துப் பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

"அண்ணே," என்றது நாற்காலியிலிருந்து ஒரு குரல். "இன்னொரு கன்னம் இன்னைக்கு உண்டா?"

மறுநாள் அத்தை சூப்பர்வைசர் வருவதற்கு முன்பே போய் இரண்டு வெள்ளை சோஃபாக்களையும் உரித்து வைத்துவிட்டார். அவன் வந்து தோலைத் தடவித் தடவிப் பார்த்தானாம், ஒன்றும் அகப்படவில்லை. கிடங்கில் இப்போது எல்லோரும் தங்கள் கத்தி முனையை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் அத்தை, "தானா வந்தது" என்கிறார்.

புதுக் கத்தி இப்போது மாமாவின் பையில் இருக்கிறது. அதை எதற்கும் பயன்படுத்த அவருக்கு அனுமதி இல்லை. பெயிண்ட் டப்பா திறக்க வேண்டுமென்றால் சிவப்புக் கத்தியின் ஸ்பூன்தான். நன்றாகவே திறக்கிறது.