தலைவலியும் என் புத்தகங்களும்

பத்தாம் வகுப்பில் எனக்குத் தலைவலி வந்தபோது, காரணம் வீட்டில் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் வலியும் புத்தகத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பாதி நெற்றியில் தொடங்கும். வெளிச்சம் கண்ணைக் குத்தும், வாந்தி வரும். அம்மா சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டாள், நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா நாகூரிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாவின் அக்கா, என் அத்தை, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். சுக்கு எரிந்த எரிச்சலில் வலி கொஞ்சம் மறந்தது, அவ்வளவுதான். பழங்காலத்தில் மண்டை ஓட்டிலேயே துளை போட்டார்கள், தலைவலிக்காகவும் இருக்கலாம் என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் யாராவது உளியோடு வந்திருந்தால் நானும் தலையைக் காட்டியிருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அத்தை அப்பாவிடம் சொன்னாள்: "பத்தாவதோட நிறுத்திடு தம்பி. படிச்சுப் படிச்சு மண்ட சூடேறிப் போச்சு. நாளைக்கு இவள யாரு கட்டிப்பா?"

அப்பா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பாதி சம்மதம்.

நடவு முடிந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா தலைத்துண்டை அவிழ்த்தாள். நெற்றியில் பள்ளம் விழுந்திருந்தது.

"நான் எந்தப் புஸ்தகத்தப் படிச்சேன் அண்ணி? வயசுக்கு வந்ததுலேர்ந்து எனக்கும் இதே பாதி மண்ட வலிதான்."

"சொல்லவே இல்லியே?"

"சொன்னா வயல்ல யாரு எறங்குறது?"

நடவில் எல்லாப் பெண்களும் துண்டு கட்டுகிறார்கள். வெயிலுக்குக் கட்டியது எது, வலிக்கு இறுக்கியது எது என்று வரப்பில் நிற்பவருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. என் வலிக்கு வைத்தியமும் பஞ்சாயத்தும் நடந்துகொண்டிருந்த வீட்டில், அவள் வலிக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அத்தை விடவில்லை. "அப்ப ஒங்கிட்டேர்ந்துதான் வந்துருக்கு."

"வந்துட்டுப் போவுது. அதுக்கு அவ புஸ்தகத்த ஏன் மூடணும்?"

மறுநாள் அப்பா எங்கள் இருவரையும் குடவாசல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரே வலி, ஒரே மாத்திரை. நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தேன், பிறகு கல்லூரியிலும்.

வலி இன்னும் இருவரையும் விடவில்லை. அத்தை இப்போது அதைப் பரம்பரைச் சொத்து என்கிறாள். போன வாரம் நடவுக்குக் கூப்பிட்டுப் போன் வந்தது. "இன்னைக்குத் தலவலி, நான் வரல" என்று சொல்லிவிட்டு, அம்மா ஜன்னலைச் சாத்திப் படுத்துக்கொண்டாள்.