வெள்ளிக்கிழமைப் பாண்

எங்கள் ஊர்ப் பேக்கரியில் வாரத்தில் ஆறு நாள் பஞ்சாக இருக்கும் பாண், வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் களிபோலக் கனக்கிறது? இந்தக் கேள்வியை அப்போது யாராவது கேட்டிருந்தால், இதை எழுதுகிறவருக்குப் பதில் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்து, பரீட்சையும் எழுதிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்து சலித்த ஆள்தான். ஆனாலும் தெரியவில்லை. வாடிக்கையாளர்களில் பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் அதாவுல்லா.

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் இருபத்தாறு வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக ஓடி ஓய்ந்தவர் அவர். மீராமுகைதீனின் பேக்கரி திறந்த நாள் தொட்டு, முப்பது வருடமாக, அவர் வீட்டுக்குப் பாண் அங்கிருந்துதான். பாணைக் கையில் வாங்கியதும் பைக்குள் போட்டுவிட மாட்டார். அடிப்பக்கத்தைப் பெருவிரலால் ஒருமுறை அமத்துவார். அமத்திய குழி மெல்ல மெல்ல மேலே எழும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"காக்கா, பாணுக்கு நாடி புடிச்சி முடிஞ்சா கொஞ்சம் வெலகுங்க. எங்களுக்கும் பசிக்கிது."

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குழி எழும்பாது. அதாவுல்லா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போவார். "இண்டைக்கும் செங்கல்லோட வந்தித்தீங்களா?" என்று கேட்டபடியே அவர் மனைவி சபியா உம்மா தேங்காய் துருவி ரொட்டிக்கு மாக் குழைப்பார்.

கடையில் ஏன் சொல்லவில்லை? ஊருக்கே அந்தப் பேக்கரி மேல் அப்படியொரு அன்பு. சுனாமி வந்த கிழமை, போறணையில் நெருப்பை அணைய விடாமல் பாண் சுட்டு, பாண்டிருப்புச் சனம் இருந்த முகாம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் மீராமுகைதீன். அவருடைய பாணில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

பேக்கரிக்கு முப்பது வருடம் நிறைந்த கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. மீராமுகைதீனின் மகன் அர்ஹம், பழைய வாடிக்கையாளர்களின் கருத்துகளைப் போனில் பதிந்துகொண்டிருந்தான். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: சுப்பர்.

அதாவுல்லா போனபோது மீராமுகைதீன் அவரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கெழமப் பாண் மிஞ்சிக் கெடக்கு. மெயின் றோட்டுல புதுசாத் தொறந்த கடைக்குச் சனம் போகுது. பக்கீர்ட கை தளர்ந்து போச்சி. வாற மாசம் வேற ஆள் எடுக்கிறன்."

பக்கீர் முகைதீன் அங்கே இருபத்திரண்டு வருடமாகப் போறணையில் நிற்பவர். பின்கதவுக்கு அப்பால், பாண் அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த அச்சையே திரும்பவும் துடைத்தார். காதில் விழுந்துவிட்டது என்பது அதாவுல்லாவுக்கு விளங்கியது.

அர்ஹம் போனை நீட்டினான். "மாமா, நீங்கதான் ஆகப் பழைய ஆள். ஒங்கட கருத்தச் செல்லுங்க. ஒண்டும் மறைக்காம."

"ஒண்டும் மறைக்காமலா?"

"ஓம் மாமா."

அதாவுல்லா கையிலிருந்த பாணை அமத்தினார். குழி குழியாகவே கிடந்தது.

"இஞ்சருந்து பொத்துவில் வரைக்கும் ஒவ்வொரு ஊர்லயும் இறங்கித் திண்டு பாத்தவன் நான். இந்தப் பாண் மாதிரி எங்கயும் இல்ல. ஆனா வெள்ளிக்கெழமப் பாண் சரியில்ல."

கடைக்குள் யாரோ செருமினார்.

"அதத்தானே நானும் செல்றன்," என்றார் மீராமுகைதீன். "பக்கீர்ட கை..."

"பக்கீர்ட கை வியாழக்கெழம நல்லாரிக்கி. சனிக்கெழமயும் நல்லாரிக்கி. வெள்ளிக்கெழம மட்டும் அந்தக் கை எங்க போகும் ஹாஜியார்?"

மீராமுகைதீன் மிஞ்சிக் கிடந்த பாண் தட்டுகளைப் பார்த்தார். அதாவுல்லா தொடர்ந்தார். "கொரோனா நேரம் ஞாபகம் இரிக்கா? பள்ளிவாசல் பூட்டு, ஜும்ஆத் தொழுக இல்ல. ஆட்டோவுல வீட்டு வாசலுக்குப் பாண் வந்த. அந்த வெள்ளிக்கெழமையெல்லாம் பாண் பஞ்சி. பள்ளி தொறந்த கெழமையே மறுகா கல்லு."

"அப்ப ஜும்ஆதான் பிழ எண்டு செல்றீங்களா?" மீராமுகைதீனின் குரல் தாழ்ந்தது. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"அஸ்தக்ஃபிருல்லாஹ். ஜும்ஆவுல என்ன பிழ? அவசரந்தான் பிழ. ஒருத்தருக்கும் குத்பாப் பிரசங்கம் தப்பக்கூடாதெண்டு, நீங்க ஹஜ்ஜுக்குப் போய் வந்த வருசம் ஒரு சட்டம் போட்டீங்க. வெள்ளிக்கெழம பதினொண்டரைக்கே பாண் போறணைக்குள்ள போகோணும். நல்ல எண்ணந்தான். ஆனா மா எழும்ப முந்தியே நெருப்புக்குப் போகுது."

"எட்டு வருசம் இதத் தெரிஞ்சிக்கிட்டு, வாயப் பூட்டித்தா இருந்தீங்க?"

"ஓம். அது என்ட பிழ. ஒங்கட மனசு நோகுமெண்டு பயந்தன். இப்ப அந்தப் பயத்தால பக்கீர் நோகப் போறான்."

மீராமுகைதீன் பின்பக்கம் திரும்பினார். "பக்கீர், இது உண்மையா?"

பக்கீர் முகைதீன் கதவுக்குள் வந்து நின்றார். "உண்மதான் முதலாளி. இன்னும் ரெண்டு மணித்தியாலம் எழும்பினாத்தான் சரி. செல்லப் பயம். வேல செய்ய ஏலாம ஜும்ஆவச் சாட்டுறான் எண்டு நினைப்பீங்களே."

மீராமுகைதீன் ஒரு பாணை எடுத்தார். தன் பெருவிரலால் அமத்தினார். முப்பது வருடத்தில் அவர் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எழும்பவில்லை.

"அப்ப என்ன செய்யிற?"

"ஒம்பதுக்குக் குழைக்கிற மாவ பதினொண்டரைக்குப் போறணைக்குள்ள வைக்காம விடுவம்," என்றார் பக்கீர். "அச்சுல போட்டு மூடித்துப் பள்ளிக்குப் போவம். நாம தொழுதுட்டு வாற நேரத்துக்குள்ள அது தன்ட பாட்டுக்கு எழும்பி நிக்கும்."

"பாப்பம்," என்றார் மீராமுகைதீன். "வாற வெள்ளி சரி வந்தா நீ இரி. வராட்டி நான் செஞ்ச முடிவுதான்."

அடுத்த வெள்ளி குத்பாவில் அதாவுல்லாவின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. தன் கணக்குப் பிழைத்தால் ஒரு மனிதனின் வேலை போய்விடும். பெருவிரலை நம்பி இவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லியிருக்கிறோமே என்று அந்த விரலையே பார்த்தார். தொழுகை முடிந்ததும் அவரும் மீராமுகைதீனும் பக்கீரும் ஒன்றாகவே நடந்தார்கள். வரிசைக்கு வந்திருந்த நாங்கள் சிலர் பின்கதவில் எட்டிப் பார்த்தோம்.

பக்கீர் ஈரத் துணியை ஓரத்தில் பிடித்து உயர்த்தினார். ஒருவரும் தொடாமல், ஒருவரும் பார்க்காமல், அச்சுகளின் விளிம்பைத் தாண்டி மா வழுவழுவென்று எழும்பி நின்றது. வரிசை வரிசையாக, ஊரே தொழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் எழும்பிய மா. "சுப்ஹானல்லாஹ்," என்று மீராமுகைதீன் தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

இரண்டரைக்குப் பாண் வெளியே வந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, முதல் பாணை மீராமுகைதீனே அதாவுல்லாவிடம் நீட்டினார். அவர் அமத்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் இம்முறை கழுத்தை நீட்டி அவர் விரலைப் பார்த்தார்கள். குழி மெல்ல, மிக மெல்ல, மேலே வந்து காணாமல் போனது.

"காக்கா, நாடி எப்பிடி?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இரிக்கி," என்றார் அதாவுல்லா.

பக்கீர் முகைதீன் திரும்பிப் போய் அடுத்த தட்டைப் போறணைக்குள் தள்ளினார். இன்றுவரை அங்கேதான் நிற்கிறார்.

உங்கள் ஊரிலும் எல்லோருக்கும் பிடித்த கடை ஒன்று இருக்கும். அங்கே வரிசையில் நிற்கும்போது, முன்னாலோ பின்னாலோ நிற்கும் ஒருவருக்காவது அதாவுல்லாவின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர் அதை இன்னொருவருக்குச் சொல்லட்டும்.