ஞானதீபம் டீச்சர் எடுத்த பி.ஏ. பாடம்

திருத்தங்கல் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஞானதீபம் டீச்சருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் வயது முப்பத்தேழு. தனியாகப் படித்து பி.ஏ. பரீட்சை எழுதிவிடுவது என்று அந்த வருஷம் முடிவெடுத்தாள். பாஸ் பண்ணுவோமா என்ற சந்தேகம் அவளுக்கு ஒரு நிமிஷம்கூட வந்ததில்லை. அது என்ன பெரிய மலையா? எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில்தான் வண்டி நின்றுபோனது.

டீச்சருக்குப் பிடிக்காதது என்று ஒன்று இருந்தால்தானே! பள்ளிக்கூட வேலியோரம் முளைத்த பூண்டுக்கெல்லாம் பெயர் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். சர்ச் பாட்டுக் குழுவுக்கு அவள்தான் மெட்டுச் சொல்லிக்கொடுப்பாள். மத்தாப்பு எதனால் பச்சையாக எரிகிறது என்று பட்டாசுக் கம்பெனிக்காரர்களை வழியில் நிறுத்திக் கேட்பாள். போதாக்குறைக்கு, சாயங்காலங்களில் சிவகாசியில் கனகசபாபதி முதலாளியின் அச்சகத்தில் புரூப் பார்த்து அச்சுப்பிழை திருத்தும் வேலை வேறு. காலண்டர், தீப்பெட்டி லேபிள், பள்ளிப் புத்தகம் என்று அன்றைக்கு எது கைக்கு வந்ததோ அதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு.

விண்ணப்பத்தில் 'பாடம்' என்பதற்கு எதிரே ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். ஒரு தரம் எழுதி அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும். பதினெட்டு வயதில், அப்பா சொன்னார் என்பதற்காக இண்டர்மீடியட்டில் கணக்கை எடுத்து, இரண்டு வருஷம் வேப்பெண்ணெய் குடிப்பதுபோலப் படித்துத் தேறியவள் அவள். இன்னொரு தரம் அப்படி மாட்டிக்கொள்ள அவளால் ஆகாது.

"பொருளாதாரம் எடு தீபம், மதிப்பா இருக்கும்" என்றான் கணவன் ராஜசிங். தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்புகிறவன்.

"நீங்க படிக்கப் போறீகளா, நான் படிக்கப் போறேனா?"

"சரி, அப்ப தமிழ் எடு. உனக்குத்தான் பேச்சு நல்லா வருமே."

"பேச்சுக்குப் பரீட்சை வச்சா திருத்தங்கல்லே ஒருத்தர் பாக்கியில்லாம பாஸாயிருவாக. சும்மா இருங்க."

சனிக்கிழமை மத்தியானம் அச்சகத்திலிருந்து ஆள் வந்தது. போர்மேன் ஒச்சப்பன் உடனே வரச் சொன்னாராம். விண்ணப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் பஸ் ஏறினாள்.

பதினோரு வருஷமாக அவளுடைய புரூபில் ஒச்சப்பன் ஒரு குற்றம் கண்டதில்லை. அன்றைக்கு மனுஷன் முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"என்ன டீச்சர், முதலாளிகிட்ட என்னையச் செருப்படி வாங்க வைக்கப் பாக்கீகளா?" என்று ஒரு தாளை மேஜைமேல் போட்டார். "எட்டாம் வகுப்புச் சரித்திரப் புஸ்தகம். ரெண்டாவது புரூப். சத்தமாப் படிங்க."

அவள் படித்தாள். "தாது வருஷப் பஞ்சத்தில் ரயில் மக்களுக்குப் பெரிதும் உதவியது. யாருக்கு உதவியது? தானியத்தைக் கொண்டுவந்ததா, கொண்டுபோனதா? இதை எழுதியவர் யாரிடம் கேட்டு எழுதினார்?"

தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். ஐயோ! முதல் வரிதான் புத்தகத்தினுடையது. மீதியெல்லாம் அவளுடையது. முதல் புரூபின் ஓரத்தில், திருத்தம் எழுத வேண்டிய இடத்தில், பென்சிலால் கேட்டுவைத்த கேள்விகள். ஓரத்தில் எழுதியிருப்பதை உள்ளே சேர்ப்பதுதான் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரின் வேலை. இருளாண்டி யோக்கியமான கம்பாசிட்டர். ஓர் எழுத்து விடாமல் சேர்த்திருந்தான்.

"பதினாறு பக்கமும் இப்படித்தான்" என்றார் ஒச்சப்பன். "தலைகீழா நிக்கிற எழுத்தக்கூடத் திருத்தல. கேள்வியாக் கேட்டுத் தள்ளியிருக்கீக!"

"நான் பாத்த மத்த புஸ்தகமெல்லாம் எப்படிண்ணே இருக்கு?"

"இலக்கணம், விஞ்ஞானம், பொருளாதாரம் எல்லாம் கழுவித் தொடச்ச மாதிரி இருக்கு. இது ஒண்ணுலதான் இம்புட்டுக் கூத்து."

டீச்சருக்கு வெட்கத்தில் காது சுட்டது. அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. மற்றப் புத்தகங்களில் எழுத்தைப் பார்த்திருக்கிறாள், கூலிக்கு வேலை செய்திருக்கிறாள். இதில் மட்டும் வேலையை மறந்து, எழுதினவரோடு பதினாறு பக்கத்துக்குச் சண்டை போட்டிருக்கிறாள். எந்தப் பாடம் என்று இதற்குமேல் யாரைப் போய்க் கேட்பது? அவளுக்கு மனசெல்லாம் சந்தோஷம்.

"என் மானம் போகுது, நீங்க சிரிக்கீக!"

"கோவிச்சுக்கிடாதீகண்ணே. உங்க பேனாவக் கொஞ்சம் குடுங்க."

விண்ணப்பத்தை எடுத்து அந்தக் கோட்டின்மேல் 'சரித்திரம்' என்று எழுதினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பதினாறு பக்கத்திலும் தன் கேள்விகளைத் தானே கோடு போட்டு அடித்தாள். பொழுது சாயும்போது கடைசித் தாளை நீட்டினாள். ஒச்சப்பன் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"டீச்சர், அந்த ரயிலு கொண்டாந்துச்சா, கொண்டுபோச்சா? இருளாண்டி காலையிலருந்து என்னையப் போட்டு அரிக்கான்."

"எனக்கும் தெரியலண்ணே. ரெண்டு வருஷம் பொறுங்க. படிச்சுட்டு வந்து சொல்றேன்."

இரண்டு வருஷம் கழித்து, பாஸான சேதியோடு மிட்டாய்ப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தாள் ஞானதீபம் பி.ஏ. இருளாண்டி மிட்டாயைக் கையில் வாங்கினான், வாயில் போடவில்லை.

"அந்த ரயிலு, டீச்சர்?"

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டுந்தான் செஞ்சுச்சு" என்று ஆரம்பித்தாள். ஒச்சப்பன் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார்.